1965-இல் ஒரு ரூக்கி

போன குளிர்காலத்தில் மூன்று மாதம் மகள் வீட்டில் இருந்தேன். சிக்காகோவுக்கு வெளியே, ரயிலில் போனால் முக்கால் மணி நேரம். வெளியே பனி, உள்ளே ஹீட்டர். எனக்கு வேலை ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பதினான்கு வயதுப் பேரன் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவான், நானும் பக்கத்தில் உட்காருவேன். அவன் பார்ப்பது அமெரிக்க ஃபுட்பால்.

"தாத்தா, இவன் ரூக்கி. ஆனா அப்படியே அவனை மாதிரியே ஓடறான் பாருங்க" என்று பத்து வருஷத்துக்கு முன் ஆடிய யாரோ ஒருவர் பெயரைச் சொன்னான்.

ரூக்கி என்றால் முதல் வருஷம் ஆட வந்தவன். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் 'தெபுத்தான்' என்போம். டி.வி.யில் பேசுகிறவர்களும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பழைய பெயர். இவன் அவரைப் போல், அவன் இவரைப் போல். "இவன் இவனைப் போலவே ஓடக்கூடாதாடா?" என்று கேட்டேன். பேரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு ரூல்ஸே தெரியாது தாத்தா" என்றான். உண்மைதான். அந்த ரோஷத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன். மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே நூலகம் இருந்ததும் சௌகரியமாகப் போயிற்று.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், வீசலாம். நான்கு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. எதிராளியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு கடந்தால் டச்டவுன், ஆறு புள்ளி. முடியாது என்று தெரிந்தால் பந்தை உதைத்து எதிராளிக்கே தூரமாக அனுப்பிவிடலாம், அதற்குப் பன்ட் என்று பெயர். பன்ட்டைப் பிடிக்கிறவன் பிடித்த இடத்திலிருந்து திரும்பி ஓடி வரலாம். பந்தோடு ஓடுகிறவனைப் பார்த்தால் எனக்குக் கபடிதான் ஞாபகம் வந்தது. பாடிப் போகிறவனைச் சுற்றி ஏழு பேர் வளைப்பதுபோல் இங்கே பதினொரு பேர். வித்தியாசம், இங்கே மேலே விழுகிறவன் நூறு கிலோ இருப்பான்.

நூலகத்தில் எனக்குக் கிடைத்த மனிதர் கேல் சேயர்ஸ். 1965-இல் சிக்காகோ பேர்ஸ் அணிக்கு வந்த ரூக்கி. கான்சஸ் மாநிலம் விச்சிட்டாவில் 1943-இல் பிறந்து, நெப்ராஸ்காவின் ஓமஹாவில் வளர்ந்த கறுப்பினப் பையன். கான்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆடும்போதே 'கான்சஸ் வால்நட்சத்திரம்' என்று பட்டப்பெயர். அந்த வருஷம் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது பேர்ஸுக்கு மூன்றாவது இடமும் நான்காவது இடமும் அடுத்தடுத்துக் கிடைத்தன. மூன்றாவதாக டிக் பட்கஸ், நான்காவதாக சேயர்ஸ். பட்கஸ் மோதி வீழ்த்துகிறவர், சேயர்ஸ் பிடி கொடுக்காமல் நழுவுகிறவர். பின்னாளில் இருவருமே அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபத்துக்குப் போனார்கள். ஒரே நாளில் ஒரே அணி இப்படி இரண்டு பேரைப் பிடித்ததை அங்கே இன்னும் பேசுகிறார்கள்.

சேயர்ஸ் வந்த வருஷம் பேர்ஸ் முதல் மூன்று ஆட்டத்தையும் தோற்றது. முதல் ஆட்டத்திலேயே சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணி 52-24 என்று அடித்துத் துவைத்தது. பிறகு பையனை நம்பிப் பந்தைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அக்டோபர் 17-இல் மின்னசோட்டாவுக்கு எதிராக நான்கு டச்டவுன். அதில் ஒன்று, உதைத்த பந்தைப் பிடித்து 96 கஜம் ஓடியது. அதுமுதல் எல்லோரும் ஒப்பிட ஆரம்பித்தார்கள்.

மூன்று பெயர்கள் அடிபட்டன. என் அபிப்பிராயத்தில் ஒன்று சரியான ஒப்பீடு, ஒன்று தப்பான ஒப்பீடு. மூன்றாவது, யாரும் நினைக்காத விதத்தில் பலித்தது.

சரியானது ஹ்யூ மெக்கெல்ஹெனி. 1952-இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு ரூக்கியாக வந்தவர். 'ராஜா' என்றே கூப்பிட்டார்கள். முதல் வருஷம் 98 முறை பந்தைத் தூக்கி 684 கஜம், அதாவது தூக்கிய ஒவ்வொரு தடவைக்கும் ஏழு கஜம். நான்கு கஜம் எடுத்தாலே நல்ல ஓட்டக்காரன் என்கிற ஆட்டத்தில் ஏழு! அவர் நேராக ஓடுகிறவர் இல்லை. இடப்பக்கம் போவார், நிற்பார், பின்னால் வருவார், மறுபடி வலப்பக்கம் வளைவார். பழைய படங்களைப் பேரன் யூடியூபில் போட்டுக் காட்டினான். பத்து கஜம் முன்னேறுவதற்கு முப்பது கஜம் ஓடுகிற மனிதர். அதே 1952-இல் பேர்ஸ் அணிக்கு எதிராகவே ஒரு பன்ட்டைப் பிடித்து 94 கஜம் ஓடினார். 1964-இல்தான் ஆட்டத்தை விட்டார். அடுத்த வருஷமே சேயர்ஸ் வந்ததால், பார்த்தவர்களுக்கு ராஜாவின் ஞாபகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மெக்கெல்ஹெனி திரும்பும்போது கொஞ்சம் வேகம் குறையும், கண்ணுக்கே தெரியும். சேயர்ஸுக்குக் குறையவில்லை. முழு வேகத்தில் போகிறபோதே இடுப்புக்கு மேலே ஒரு திசையும் காலுக்கு ஒரு திசையுமாகப் பிரிந்துவிடுவார். எதிராளி தோளைப் பார்த்துப் பாய்வான், தோள் அங்கே இருக்காது. இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவன் பேரன்தான். படத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டான். என் கண்ணுக்கு முதலில் பிடிபடவே இல்லை.

தப்பானது ஜிம் பிரவுன். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்காரர். 1957-இல் ரூக்கியாக வந்த வருஷமே 942 கஜம் ஓடி முதலிடம். 105 கிலோ. அவரைப் பிடித்தவன் தொங்கிக்கொண்டே போக வேண்டும், அப்படி இரண்டு பேரை இழுத்துக்கொண்டு நடப்பார். கடைசியில் விழுந்தால் மெதுவாக எழுந்திருப்பார், கிழவர்போல் நடந்து வருவார், அடுத்த தடவை மறுபடி அதே வேகம். ஒன்பது வருஷம், 118 ஆட்டம், ஒன்றுகூடத் தவறவில்லை. 1965 அவருடைய கடைசி வருஷம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் பிரவுன் 21 டச்டவுன், ரூக்கி சேயர்ஸ் 22. பத்திரிகைக்காரர்களுக்கு இது போதாதா? பழையவர், புதியவர், யார் பெரியவர் என்று எழுதித் தள்ளினார்கள்.

கணக்கைப் பிரித்துப் பார்த்தால் (முப்பத்தெட்டு வருஷம் கோப்பில் கூட்டிக் கழித்த பழக்கம், விடமாட்டேன்) இரண்டு பேர் பார்த்ததும் ஒரே வேலை அல்ல என்று தெரிகிறது. பிரவுன் அந்த வருஷம் 289 முறை பந்தைத் தூக்கி 1,544 கஜம் ஓடினார். சேயர்ஸ் தூக்கியது 166 முறை, ஓடியது 867 கஜம். மீதியெல்லாம் வேறு வழியில் வந்தது. வீசிய பந்தைப் பிடித்து 507 கஜம், ஆட்டத் தொடக்க உதையைப் பிடித்துத் திரும்ப ஓடி 660, பன்ட்டைப் பிடித்து 238. மொத்தம் 2,272. பிரவுன் நெரிசலுக்குள் புகுந்து சம்பாதித்தார், சேயர்ஸ் வெளியிடத்தில் சம்பாதித்தார். கூட்டுத்தொகை பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டது என்பதற்காக ஒரே தராசில் போட்டால் எப்படி?

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1973-இல் புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தேன். எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே வேலைக்கு வந்தவர். பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் படிக்க ஆள் வேண்டும் என்பதால்தான் என்னை அங்கே போட்டார்கள். அதில் எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் கோப்பில் குறிப்பு எழுதுவது ஆங்கிலத்தில். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. ஒவ்வொரு குறிப்புக்கும் சூப்பரிண்டெண்டென்ட் என்னைக் கூப்பிட்டு, "முசியே இருந்தப்ப இப்படியா எழுதினார்?" என்பார். கையெழுத்தில்கூட ஒப்பீடு. இரண்டு வருஷம் அந்தப் பெரியவரின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினேன், ராத்திரியில், சிம்னி விளக்கில். சாய்வான பிரெஞ்சுக் கையெழுத்து. இன்றைக்கும் என் கையெழுத்து என்னுடையது இல்லை. அந்த முசியே நல்ல மனிதர், ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தபோது என் எழுத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஆகவே, ரூக்கியைப் பழையவரோடு ஒப்பிடுவதைக் கேட்டால் எனக்கு இன்னும் சுருக்கென்று இருக்கும். பேரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

சரி, 1965-க்கு வருவோம். டிசம்பர் 12, ரிக்லி ஃபீல்டு. அது பேஸ்பால் மைதானம், பேர்ஸுக்கு அப்போது சொந்த இடம் கிடையாது. மழையில் மைதானம் சேறாகிக் கிடந்தது. எதிரணி, முதல் ஆட்டத்தில் 52 புள்ளி போட்ட அதே சான் பிரான்சிஸ்கோ, மெக்கெல்ஹெனியின் பழைய அணி. முதல் டச்டவுன் ஒரு சின்ன ஸ்க்ரீன் பாஸைப் பிடித்து 80 கஜம். பிறகு ஓட்டத்தில் 21 கஜம், 7 கஜம், 50 கஜம், ஒரு கஜம். கடைசியாக ஒரு பன்ட்டைப் பிடித்து 85 கஜம். ஆறு. மொத்தம் 336 கஜம், அதில் பந்தைத் தூக்கி ஓடியது ஒன்பதே தடவைதான், 113 கஜம். பேர்ஸ் 61, சான் பிரான்சிஸ்கோ 20.

சேற்றில் எப்படி ஓடினார் என்று யோசித்தேன். படத்தைப் பார்த்தால் மற்றவர்கள் வழுக்குகிறார்கள், இவர் வழுக்கவில்லை. எனக்குத் தோன்றிய விளக்கம் இது: திரும்பப் போகிறவனுக்கு எங்கே திரும்புவோம் என்று முன்பே தெரியும், கால் தயாராக இருக்கும். துரத்துகிறவனுக்குத் தெரியாது. அவன் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும், அந்த அரை நொடியில் சேறு அவனை இழுத்துவிடும். நம் ஊரில் மழைக்காலத்தில் வண்டல் திடலில் கபடி ஆடியவர்களுக்கு இது புரியும்.

ஒரே ஆட்டத்தில் ஆறு டச்டவுன் என்பது அதற்கு முன் இரண்டே தடவை நடந்திருந்தது. 1929-இல் சிக்காகோ கார்டினல்ஸின் எர்னி நெவர்ஸ், 1951-இல் கிளீவ்லாந்தின் டப் ஜோன்ஸ். நெவர்ஸ் அன்று அணியின் 40 புள்ளியையும் தானே போட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு தடவையும் அடிபட்ட அணி சிக்காகோ பேர்ஸ். பேர்ஸின் ஸ்தாபகர், முதலாளி, பயிற்சியாளர் எல்லாமே ஜார்ஜ் ஹாலஸ். 1895-இல் பிறந்தவர். 1929-இல் அந்த அணியில்தான் இருந்தார், 1951-இலும் பயிற்சியாளர் அவர்தான், 1965-இல் எழுபது வயதில் ரிக்லி ஃபீல்டின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தவரும் அவர்தான். முதல் இரண்டு தடவை எதிரியின் ஆள் ஆறு போட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், மூன்றாவது தடவை தன் பையன் போட்டதைப் பார்த்தார். ஏழாவதுக்கு விடவில்லை. பையனுக்கு அடிபட்டுவிடும் என்று கடைசியில் உட்கார வைத்துவிட்டார்.

அவர் பயந்ததற்குக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். மூன்றாவது பெயருக்கு வருகிறேன்: ரெட் கிரேஞ்ச்.

கிரேஞ்ச் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 77 என்ற எண்ணோடு ஆடியவர். 1924 அக்டோபர் 18-இல் மிச்சிகனுக்கு எதிராக முதல் 12 நிமிஷத்தில் நான்கு டச்டவுன்: 95, 67, 56, 44 கஜம். 'நாலுகால் பாய்ச்சல் பேய்' என்று பெயர் வைத்தார்கள். 1925 நவம்பரில் கல்லூரி ஆட்டம் முடிந்த கையோடு அவரைப் பேர்ஸுக்கு இழுத்தவர் இதே ஹாலஸ். காசுக்கு ஆடும் ஃபுட்பாலை அப்போது யாரும் மதிக்கவில்லை. கிரேஞ்சின் முதல் ஆட்டம், இதே ரிக்லி ஃபீல்டு, 36,000 பேர் வந்தார்கள். புள்ளி 0-0, ஆனாலும் வந்தார்கள். நியூயார்க்கில் 70,000 பேருக்குப் பக்கம். நொடித்துக்கொண்டிருந்த நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி அந்த ஒரு வசூலில் பிழைத்தது. ஆகவே, சிக்காகோவில் ஒரு பையன் நழுவி ஓடினால் அடுத்த கிரேஞ்ச் என்பார்கள். சேயர்ஸையும் சொன்னார்கள்.

கிரேஞ்ச் 1927-இல் வேறு அணியில் இருந்தார். பேர்ஸோடு ஆட ரிக்லி ஃபீல்டுக்கு வந்தபோது மோதலில் முழங்கால் போயிற்று. அடுத்த வருஷம் முழுக்க ஆடவில்லை. 1929-இல் ஹாலஸிடமே திரும்பி வந்தார், ஆனால் பேய் போய்விட்டது. வளைந்து ஓடுவது போயிற்று. அதற்குப் பதில் தடுக்கிற ஆட்டக்காரராக மாறினார். 1933 இறுதி ஆட்டத்தில் பேர்ஸ் 23-21 என்று ஜெயித்தபோது, கடைசி நேரத்தில் எதிராளி பந்தைப் பக்கத்தில் இருந்தவனுக்குத் தள்ளிவிடாதபடி கைகளோடு சேர்த்துக் கட்டிப் பிடித்தது கிரேஞ்ச்தான். ஓடத் தெரிந்தவனுக்குத்தானே, ஓடுகிறவன் அடுத்து என்ன செய்வான் என்று தெரியும்.

1968 நவம்பர் 10. ரிக்லி ஃபீல்டு. எதிரணி சான் பிரான்சிஸ்கோ. சேயர்ஸ் பக்கவாட்டில் ஓடும்போது எதிராளி தாழ்வாக வந்து மோதினார். வேண்டுமென்று செய்ததல்ல. வலது முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. அதே மைதானம், அதே முழங்கால் கதை.

அவருடைய இடத்துக்கு வந்தவர் பிரையன் பிக்கலோ. இவரும் 1965-இல் வந்தவர்தான். 1964-இல் கல்லூரி ஆட்டத்தில் நாட்டிலேயே அதிகக் கஜம் ஓடியவர், ஆனாலும் எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. உருவம் போதாது, வேகம் போதாது என்று விட்டுவிட்டார்கள். சேயர்ஸுக்கு அடுத்த ஆளாகவே இருந்தார். 1967 முதல் இருவரும் வெளியூரில் ஒரே அறையில் தங்கினார்கள். ஒரு கறுப்பர், ஒரு வெள்ளையர், அந்த அணியில் அதுவே முதல் தடவை. சேயர்ஸ் விழுந்த பிறகு பிக்கலோவுக்குத்தான் இடம் கிடைத்தது. கிடைத்தவர் என்ன செய்தார்? சேயர்ஸைப் பயிற்சிக்கு விரட்டினார், ஊக்கப்படுத்தினார், சீண்டினார். 1969-இல் சேயர்ஸ் திரும்பி வந்து 1,032 கஜம் ஓடி முதலிடம் பிடித்தார். அந்த வருஷம் பேர்ஸ் ஜெயித்தது ஒரே ஆட்டம், தோற்றது பதின்மூன்று. அப்படிப்பட்ட அணியில் இது. ஆனால் பழைய ஓட்டம் இல்லை. நெரிசலுக்குள் தலையைக் குனிந்து புகுந்து, மூன்று கஜம், நான்கு கஜம் என்று சேர்த்தார். ஜிம் பிரவுனோடு ஒப்பிட்டது தப்பு என்று மேலே சொன்னேனே, அந்த ஒரு வருஷம் மட்டும் கொஞ்சம் சரி. பிக்கலோ 1970 ஜூனில் புற்றுநோயில் போனார். வயது 26. அதே வருஷம் சேயர்ஸின் இன்னொரு முழங்காலும் போயிற்று. மொத்தம் 68 ஆட்டம்தான் ஆடினார். 34 வயதில் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள், அவ்வளவு இளவயதில் சேர்ந்தவர் வேறு யாருமில்லை.

பிக்கலோவைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கடைசி ஐந்து வருஷத்தில் என் பிரிவுக்கு ஒரு பெண் புதிதாக வந்தாள். கெட்டிக்காரி, கம்ப்யூட்டரில் எல்லாம் முடித்துவிடுவாள். அவள் எழுதும் குறிப்பைத் திருப்பி, "நான் சேர்ந்தப்ப இப்படி எழுதலைம்மா" என்று சொல்லியே நான்கு மாதம் ஓட்டினேன். வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த மனு என் வழியாகத்தான் மேலே போக வேண்டும். பரிந்துரை செய்து கையெழுத்துப் போட்டேன், அந்தச் சாய்வான கையெழுத்தில். காரணம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

மறுநாள் ஞாயிறு. பேரனிடம் சேயர்ஸ் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். அவன் எனக்கு ஒரு தகவல் சொன்னான். 2020 கிறிஸ்துமஸ் அன்று நியூ ஆர்லியன்ஸின் ஆல்வின் கமாரா ஒரே ஆட்டத்தில் ஆறு டச்டவுன் போட்டாராம், ஆறும் ஓட்டத்திலேயே, நெவர்ஸைப் போல. தேதியைக் கேட்டதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சேயர்ஸ் இறந்தது அதே வருஷம் செப்டம்பர் 23-இல். மூன்று மாதம் முந்திவிட்டார். இருந்திருந்தாலும் பயனில்லை, கடைசி வருஷங்களில் மறதி நோய்.

"ரூக்கியா ஒரு வருஷத்துல 22 போட்ட ரெக்கார்டு இன்னும் அவர்கிட்டதான் தாத்தா இருக்கு" என்றான் பேரன், என்னைச் சமாதானப்படுத்துகிறவன்போல.

"ஹாலஸ் இருந்து கமாராவைப் பார்த்திருந்தா, யாரை மாதிரின்னு சொல்லியிருப்பார்?" என்றும் கேட்டான். ஹாலஸ் 1983-இலேயே போய்விட்டார். நெவர்ஸைச் சொல்லியிருப்பார் என்று வாய் வரைக்கும் வந்தது.

"தெரியலைடா" என்றேன்.

டி.வி. சத்தத்தைக் கூட்டினான். அந்தப் புதுப் பையன் பந்தை வாங்கிக்கொண்டு இடப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தான்.